உப்புக்காற்று ஊருக்கு எந்த டயர்?

திருவொற்றியூரில் 1946-ல் கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை ஒரு சின்னக் கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். 1952-ல் அதே நிறுவனம் தேய்ந்த டயர்களுக்கு மறுபடி பட்டை ஒட்டும் ரப்பரைத் தயாரித்தது. 1961-ல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு நிறுவனத்தோடு கைகோத்து டயர் தயாரிப்பிலேயே இறங்கியது. அதுதான் மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி, இன்றைய எம்.ஆர்.எஃப். அங்கிருந்து வடக்கே எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி தாண்டினால் பழவேற்காடு. அங்குள்ள ஏரிக்கு மேற்கே, கும்மிடிப்பூண்டிக்கு அப்பால் தேர்வாய் கண்டிகையில் மிஷெலின் ஆலை நிற்கிறது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனால் அப்போலோ, ஜே.கே., சியட் ஆலைகள். நாட்டின் டயரில் கணிசமான பங்கு உருண்டு வெளியே வரும் வட்டாரத்தில்தான் பழவேற்காட்டு மீனவக் கிராமங்கள் இருக்கின்றன.

ஆனால் குடும்பக் காருக்கு டயர் மாற்றும் நாள் வந்தால், கடையில் இரண்டே கேள்விதான் கேட்கிறோம்: ‘என்ன கம்பெனிண்ணே? என்ன விலைக்கு வரும்?’ பழவேற்காட்டில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்க இதே கதைதான். கம்பெனிப் பெயர் கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம் என்பது என் உறுதியான எண்ணம். அதற்கு முன் பார்க்க வேண்டியவை ஏராளம். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு அவை இன்னும் அதிகம்.

கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம், கோரைக்குப்பம் என்று ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலும் ஏரிக்கரையிலுமாகப் பரவிக் கிடக்கின்றன ஊர்கள். இங்கே ஒரு வீட்டில் கார் இருந்தால் அது அந்த ஒரு வீட்டுக் கார் அல்ல. பிரசவ வலி என்றால் பொன்னேரிக்கும், அதற்கு மேல் போனால் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கும் அதுதான் ஓடும். கல்யாணத்துக்கு ஐந்து பேர் உட்காரும் காரில் எட்டுப் பேர் ஏறுவார்கள். பின்சீட்டை மடக்கி ஐஸ் பெட்டி ஏற்றும் நாளும் உண்டு. பெரும்பாலும் அது பழைய கையில் வாங்கிய ஆம்னியாகவோ ஆல்ட்டோவாகவோ ஸ்விஃப்டாகவோ இருக்கும். போகும் வழியில் காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுக லாரிகள் உழுது போட்ட சாலை. இத்தனையையும் தாங்குவது உள்ளங்கை அளவு நான்கு ரப்பர்த் திட்டுகள். வண்டி சாலையைத் தொடும் இடம் அவ்வளவுதான்.

ரிம்மில் தொடங்கும் வியாதி

உப்பு ரப்பரைத் தின்னாது. அது தின்பது இரும்பை. டியூப்லெஸ் டயரில் காற்றைப் பிடித்து வைப்பது, டயரின் உள்விளிம்பு ரிம்மோடு ஒட்டி உட்காரும் ஒரு விரல் அகலப் பட்டைதான். இரும்பு ரிம்மில் அந்த இடத்தில் துரு பூத்தால், பெயின்ட் உரிந்து சொரசொரப்பாகி, மயிரிழை இடைவெளி வழியாகக் காற்று கசியும். நாலைந்து நாளுக்கு ஒரு முறை ஒரே சக்கரம் இறங்கிக்கொண்டே இருக்கும். பஞ்சர் கடையில் தொட்டியில் முக்கிப் பார்த்தால் ஆணி எதுவும் இருக்காது. ‘டயர் போச்சு, மாத்திடுங்க’ என்று யாராவது சொல்வார்கள். புது டயர் போட்டாலும் அடுத்த மாதம் அதே கதை. டயரில் குற்றமில்லை, ரிம்மில் இருக்கிறது வியாதி.

அதனால் இந்தக் கரையில் டயர் வாங்குகிறவர்கள், பழைய டயரைக் கழற்றியதும் புதியதை மாட்டவிடாமல் ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். ரிம்மின் உள்பக்க விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். செதிலாகத் துரு உதிர்ந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, துடைத்து, அதற்கென்றே கடைகளில் இருக்கும் சீலன்ட் தடவிய பிறகுதான் மாட்ட வேண்டும். குழி விழுந்திருந்தால் ரிம்மையே மாற்றுவது புத்திசாலித்தனம். காற்று கசிகிறது என்பதற்காக டியூப்லெஸ் டயருக்குள் டியூப் திணிக்கும் வழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. அவசரத்துக்கு வீடு வந்து சேர அது உதவலாம், நிரந்தரமாக விடக்கூடாது. டியூபும் டயரும் உள்ளே உரசிச் சூடாகும். ஆணி குத்தினால் டியூப்லெஸ் போல மெல்ல இறங்காமல் ஒரேயடியாகக் காற்று போய்விடும். வால்வையும் புதிதாகப் போடுங்கள். டயர் விலையில் அது ஒரு துளி.

கடல் சீறும் நாட்களில் காட்டுப்பள்ளிப் பக்கச் சாலையில் உப்புத் தண்ணீரும் மணலும் ஏறிவிடும். அதில் ஓட்டிவிட்டு வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீர் விட்டுச் சக்கரத்தின் உள்பக்கத்தையும் கழுவ வேண்டும். வெளியே பளபளவென்று துடைத்துவிட்டு உள்ளே உப்பை விட்டுவிடுகிறோம். வீல் நட்டுகளும் இப்படித்தான் துருவேறி இறுகுகின்றன. நடுச்சாலையில் பஞ்சரானால், வண்டியோடு வந்த ஸ்பேனரை மிதித்தாலும் அவை அசையாது.

டயர் மேல் எழுதியிருப்பது

டயரின் பக்கவாட்டில் அதன் ஜாதகமே அச்சாகியிருக்கிறது. 185/65 ஆர்15 88எச் என்று வைத்துக்கொள்வோம். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்றால் பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம். ஆர் என்பது ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இதுவரை கடைக்காரர் பார்த்துவிடுவார். அடுத்து வருவதுதான் நாம் கேட்க வேண்டியது. 88 என்பது பாரக் குறியீடு. அந்த ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்று அர்த்தம். 85 என்றால் 515 கிலோ, 82 என்றால் 475, 74 என்றால் 375. எச் என்பது வேகக் குறியீடு: மணிக்கு 210 கிலோமீட்டர். டி என்றால் 190, எஸ் என்றால் 180.

நம் சாலையில் 210 எதற்கு? வேக எழுத்து வண்டியோடு வந்த கையேட்டில் சொன்னதைவிடக் குறையாமல் இருந்தால் போதும். பார எண்தான் பழவேற்காட்டுக்காரருக்கு உயிர். அளவு அதுவாகவே இருந்து, பார எண் மட்டும் இரண்டு மூன்று குறைந்த டயர் மலிவாகக் கிடைக்கும். வாங்கவே கூடாது. எட்டுப் பேரும் ஐஸ் பெட்டியும் ஏறும் வண்டிக்கு அது ஆபத்து. நல்ல பார எண் இருந்தாலும், உரிய அளவு காற்று இருந்தால்தான் டயர் அந்தப் பாரத்தைத் தாங்கும். காற்று குறைந்த டயரில் அதிக பாரம் ஏற்றி வெயிலில் ஓட்டினால் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கிறது. கோடையில் நெடுஞ்சாலையில் டயர் வெடித்த செய்திகளைப் படிக்கும்போது எனக்கு முதலில் வரும் சந்தேகம் இதுதான்.

ரிம் அளவில் இன்னொரு சங்கதி. ஸ்விஃப்ட் காரையே எடுத்துக்கொள்ளுங்கள். விலை குறைந்த மாடலில் 165/80 ஆர்14 வரும். உயர்ந்த மாடலில் 185/65 ஆர்15. கணக்குப் போட்டால் முதல் சக்கரத்தின் முழு விட்டம் சுமார் 620 மில்லிமீட்டர், இரண்டாவது சுமார் 622. ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் முதல் டயரின் பக்கச் சுவர் 132 மில்லிமீட்டர் உயரம், இரண்டாவது 120. பள்ளத்தில் விழும்போது அடியை வாங்கிக்கொள்வது அந்தச் சுவர்தான். பெரிய ரிம்மும் அகல டயரும் பார்க்க எடுப்பாக இருக்கும் என்று பிள்ளைகள் அலாய் வீலுக்கு ஆசைப்படுவார்கள். மீஞ்சூர்ச் சாலையில் தினமும் போய்வரும் வண்டிக்குச் சின்ன ரிம்மும் உயரமான சுவரும்தான் என் தேர்வு. கார் கம்பெனி உங்கள் மாடலுக்கு அனுமதித்த அளவைத் தாண்டி எதையும் போட வேண்டாம்.

நான்கு இலக்கம்

அதே பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்து வரிசை ஒன்று இருக்கும். அதன் கடைசியில் நான்கு இலக்கம். 2324 என்றிருந்தால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. டயர் ஓடாமலே வயதாகும் பொருள். வெயிலும் காற்றில் இருக்கும் ஓசோனும் ரப்பரை வறட்சியாக்கிப் பிளக்கும். அதைத் தடுக்க ரப்பருக்குள் மெழுகு போன்ற ஒரு பாதுகாப்புப் பொருளைக் கலக்கிறார்கள். டயர் உருண்டு வளைந்து நிமிரும்போதுதான் அது மேலே கசிந்து வந்து காக்கும். வாரக் கணக்கில் வெயிலில் நிற்கும் கார் டயரில் பட்டன் (சாலையைத் தொடும் ரப்பர்க் கட்டைகள்) அப்படியே இருந்தும் பக்கத்தில் பாளம் பாளமாக வெடிப்பு விடுவது இதனால்தான்.

விற்பனை மெதுவாக நடக்கும் சின்ன ஊர்க் கடைகளில் பழைய ஸ்டாக் தங்கிவிட வாய்ப்பு உண்டு. நிழலில் ஒழுங்காக வைத்திருந்தால் ஒரு வருடப் பழசு பெரிய குற்றமில்லை. இரண்டு வருடத்தைத் தாண்டியதை நான் முழு விலைக்கு வாங்கமாட்டேன். வண்டியில் போட்ட பிறகு ஐந்து வருடம் ஆகிவிட்டால் வருடத்துக்கு ஒரு முறை தெரிந்தவரிடம் காட்டுங்கள். தயாரான தேதியிலிருந்து பத்து வருடம் ஆனால், எவ்வளவு பட்டன் மிச்சமிருந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பழைய கையில் வாங்கிய காரில் ஸ்டெப்னி பெரும்பாலும் வண்டி பிறந்த அன்று வந்ததாகவே இருக்கும்.

செகண்ட் ஹேண்ட் டயர் பற்றிச் சொல்லியாக வேண்டும். மீன் பாடு சரியில்லாத மாதங்களில் நாலு புது டயர் என்பது ஒரு குடும்பத்துக்குப் பெரிய செலவு. சென்னை புதுப்பேட்டையிலோ வேறெங்கோ பாதி விலைக்குக் கிடைப்பதைத் தேடுகிறவர்களை நான் குறை சொல்லத் தயாரில்லை. ஆனால் அந்த டயர் என்ன பட்டது என்று நமக்குத் தெரியாது. காற்றில்லாமல் சில கிலோமீட்டர் ஓடிய டயரின் உள்சுவர் பொடிப் பொடியாக உதிர்ந்திருக்கும். வெளியே கறுப்பு பாலீஷ் போட்டால் ஒன்றும் தெரியாது. வேறு வழியே இல்லை என்றால் ரிம்மில் மாட்டும் முன் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள், பேட்ச் இருக்கிறதா என்று தடவுங்கள், நான்கு இலக்கத்தைப் படியுங்கள். பக்கச் சுவரில் ஒட்டுப் போட்டது என்றால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். பட்டனுக்கு நடுவே விழுந்த சின்ன ஆணி ஓட்டையைத்தான் நம்பி அடைக்கலாம். பட்டை ஒட்டிய ரீட்ரெட் டயர் லாரிகளில் முறையாக ஓடும் விஷயம். குடும்பக் காருக்கு நான் சொல்லமாட்டேன்.

கொஞ்சம் பொறுத்து, இரண்டு டயராவது புதிதாக வாங்குவது மேல். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. வரிக்கு முன் 4,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 5,120 ஆக இருந்தது 4,720 ஆகிறது. நான்குக்கு 1,600 ரூபாய் மிச்சம். அலைன்மென்ட்டுக்கும் பேலன்சிங்குக்கும் அந்தப் பணம் உதவும். பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில்லில் டயர் எண்ணை எழுதச் சொல்லுங்கள். வாரன்டி கேட்கப் போகும்போது அது தேவைப்படும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். கார் டயருக்கு அது சட்டப்படி கட்டாயம்.

ஐப்பசி மழைக்கு முன்னால்

பட்டனுக்கு இடையே உள்ள பள்ளங்கள் அழகுக்கு வெட்டியவை அல்ல. தண்ணீரை வாரி வெளியே தள்ளும் வாய்க்கால்கள் அவை. பள்ளம் மேடாகிவிட்டால் டயருக்கும் தாருக்கும் நடுவே நீர் தங்கி வண்டி மிதக்கும். ஸ்டீயரிங்கும் கேட்காது, பிரேக்கும் பிடிக்காது. புது டயரில் பள்ளம் ஏழெட்டு மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே ஓட்டக்கூடாது. டயர் ஓரத்தில் டி.டபிள்யூ.ஐ. என்றோ சின்ன முக்கோணமாகவோ ஒரு குறி இருக்கும். அதற்கு நேரே பள்ளத்துக்குள் ஒரு மேடு தெரியும். பட்டன் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்துவிட்டால் கதை முடிந்தது.

ஆனால் வடகிழக்குப் பருவமழை நேரே வந்து அடிக்கும் கரை இது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் திருவள்ளூர் மாவட்டத்தை என்ன பாடு படுத்தியது என்று இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. இங்கே 3 மில்லிமீட்டர் வந்ததுமே மாற்றிவிட வேண்டும். மாற்றுவதற்கு நல்ல மாதம் செப்டம்பர்.

ஈரத்தில் பிடிமானம், உருளும்போது இழுக்கும் தடை, சத்தம் ஆகிய மூன்றுக்கும் மத்திய அரசு 2022 ஜூனில் தரம் வகுத்து, அதே ஆண்டு அக்டோபர் முதல் புது வடிவமைப்புகளுக்குக் கட்டாயமாக்கியது. மைலேஜ் கூடும், நிறைய கிலோமீட்டர் உழைக்கும் என்று விளம்பரம் செய்யப்படும் டயரில் ரப்பர் சற்று இறுக்கமாக இருப்பது வழக்கம். ஈரப் பிடிமானத்துக்கு முன்னுரிமை தந்த டயர் கொஞ்சம் சீக்கிரம் தேயலாம். கடையில் ‘இந்த மாடல் மழையில் எப்படி?’ என்று கேளுங்கள். எத்தனை கிலோமீட்டர் வரும் என்பதை அதற்கப்புறம் கேட்கலாம்.

இரண்டு டயர் மட்டும் வாங்கினால் புதியதைப் பின்னால் போட வேண்டும். கடையிலேயே முன்னால் போடச் சொல்வார்கள். என்ஜின் இழுப்பது முன்சக்கரம், திருப்புவது முன்சக்கரம் என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் மழையில் முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேரே போகும், ஆக்சிலேட்டரை விட்டால் பெரும்பாலும் பிடிக்கு வந்துவிடும். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி பம்பரமாகச் சுற்றிவிடும். அனுபவப்பட்ட டிரைவருக்கே அதை அடக்குவது கஷ்டம். டயர் கம்பெனிகள் பின்னால் போடச் சொல்வது இதனால்தான்.

பாடு மாற்றுவது போல

ஏரியில் யார் எந்த இடத்தில் எந்த நாள் வலை போடுவது என்பதைப் ‘பாடு’ வைத்து முறை மாற்றிக்கொள்வது பழவேற்காட்டு மீனவர்களின் பழைய ஏற்பாடு. நல்ல இடமும் மோசமான இடமும் எல்லாருக்கும் மாறி மாறி வரும். டயருக்கும் அப்படித்தான். முன்சக்கரம் அதிகம் தேயும், பின்சக்கரம் குறைவாகத் தேயும். எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை முன்னும் பின்னும் இடம் மாற்றினால் நான்கும் ஒன்றுபோல உழைக்கும். நட்டுகளும் அப்போது ஒரு முறை கழன்று மாட்டப்படுவதால் துருவில் இறுகாது.

காற்று விஷயத்தில் இந்த ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. டயர் குளிர்ந்திருக்கும்போது பார்த்தால்தான் அளவு சரியாகத் தெரியும். பழவேற்காட்டிலிருந்து புறப்பட்டுப் பொன்னேரி பங்க்கில் நிறுத்தும்போது டயர் சூடாகியிருக்கும். மீட்டர் நாலைந்து பி.எஸ்.ஐ. கூடக் காட்டலாம். ‘காத்து ஜாஸ்தியா இருக்குண்ணா’ என்று பையன் இறக்கிவிடுவான். வீடு திரும்பிக் குளிர்ந்ததும் டயரில் காற்று குறைந்திருக்கும். நாமும் சரிபார்த்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்போம். மிதித்து அடிக்கும் பம்ப்பும் ஒரு மீட்டரும் வீட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வண்டி எடுக்கும் முன் பாருங்கள். எவ்வளவு வேண்டும் என்பது டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கிறது. முழு பாரத்துக்குத் தனி அளவும் அங்கேயே இருக்கும். கல்யாணத்துக்குக் கிளம்பும் நாளுக்கு அந்த இரண்டாவது அளவு. நைட்ரஜனுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

படகுத்துறை மணலில் வண்டியை இறக்குகிறவர்கள் 20 பி.எஸ்.ஐ. அளவுக்குக் காற்றைக் குறைப்பது சரியான முறைதான். டயர் பரந்து மணலில் புதையாமல் ஏறும். தார்ச்சாலைக்கு வந்ததும் திரும்ப அடிக்காமல் ஓட்டுவதுதான் தவறு. கையில் பம்ப் இல்லை என்றால் மணலில் இறங்காதீர்கள்.

கம்பெனிக்கு இப்போது வருவோம். அளவு, பார எண், தேதி, ஐ.எஸ்.ஐ., ஈரப் பிடிமானம் எல்லாம் சரியாக இருந்து இரண்டு மூன்று பெயர்கள் மிஞ்சினால், பொன்னேரியிலோ மீஞ்சூரிலோ கும்மிடிப்பூண்டியிலோ டீலர் இருக்கும் கம்பெனியை எடுங்கள். டயர் வீங்கினால் அங்கே கொண்டுபோய்க் காட்டலாம். ஒரே அச்சில் இரண்டு வேறு கம்பெனி, இரண்டு வேறு மாடல் போட வேண்டாம்.

கழற்றிய டயரை என்ன செய்வது? படகு ஓரத்தில் கட்ட ஒன்றிரண்டு போகும். மிச்சம் வீட்டுப் பின்புறம் கிடந்தால் மழைத் தண்ணீர் தேங்கி டெங்கு கொசு முட்டையிடும். 2022-ல் வந்த விதிகளின்படி, விற்கும் டயருக்கு ஈடாகப் பழைய டயர் முறையாக மறுசுழற்சி ஆவதற்குத் தயாரிப்பாளர்களும் இறக்குமதியாளர்களுமே பொறுப்பு. அதனால் புதியது வாங்கும் கடையிலேயே பழையதை விட்டுவிட்டு வாருங்கள். போகி அன்று டயர் கொளுத்த வேண்டாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வொரு தை பிறக்கும் முன்னும் கேட்டுக்கொள்கிறது. உங்கள் தெருப் பிள்ளைகள் டயர் கேட்டு வந்தால் கொடுக்காதீர்கள்.